எந்தப் பக்கம் போறோம்?

டொலீடோ ஊரின் அமெரிக்க ஃபுட்பால் அணியான ஹாமர்ஸ் அந்த வருஷமும் தோற்றுக்கொண்டுதான் இருந்தது. எட்டு ஆட்டத்தில் எட்டும் போச்சு. நவம்பர் பிறந்து, ஏரிக்காற்று காதைக் கடிக்க ஆரம்பித்துவிட்டது. அதற்காக டொலீடோக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் முடங்கிக் கிடப்பார்களா என்ன? காலை எட்டரைக்கே மைதானத்துக்கு வெளியே, வண்டிகள் நிறுத்துகிற இடத்தில், அடுப்பு மூட்டியாகிவிட்டது. டெல்மரின் பிக்கப் வண்டியின் பின்கதவைச் சாய்த்துப் போட்டு, அதன்மேல் பன், கடுகுச் சாந்து, நறுக்கின வெங்காயம், ஒரு பெரிய பாத்திரம் நிறைய பீன்ஸும் கறியும் போட்ட சில்லி. கரி அடுப்பில் சாசேஜ் தோல் வெடித்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தது. மடக்கு நாற்காலிகள் மூன்று. பதினாலு வருஷமாக அதே விளக்குக் கம்பத்தடியில் அதே மூன்று பேர்தான்.

நார்பெர்ட் யப்லோன்ஸ்கி இரண்டு முழங்காலையும் நீட்டி உட்கார்ந்திருந்தார். அறுபத்தொரு வயது. கண்ணாடித் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். கையில் காப்பிக் கோப்பை. பீர் கிடையாது, ஆட்ட நாளில் அவருக்கு மைதானத்துக்குள் வேலை இருந்தது.

"கை இருக்கு மாமா அந்தப் பயலுக்கு. நான் இல்லேங்கல. மண்டைதான் இல்ல" என்றான் டெல்மர், சாசேஜைப் புரட்டிக்கொண்டே. நார்பெர்ட்டின் மனைவி ரெனேட்டாவின் தம்பி. ஐம்பத்து நாலு வயதிலும் வாய் மட்டும் பதினெட்டு. "போன வாரம் பாத்தீங்கல்ல? ஆள் தனியா நிக்கிறான், கையைத் தூக்கிக் காட்டறான், இந்த மகராசன் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. மாரோவாம் மாரோ! இவனை வாங்கறதுக்கு ஒரு விளக்குக் கம்பத்தை வாங்கி நிறுத்தியிருக்கலாம்."

"அவன் என்னடா பண்ணுவான்?" என்றார் கிளியோஃபஸ் டார்வர். முப்பது வருஷம் தெருத்தெருவாகக் கடிதம் போட்ட மனுஷர். நிதானமாகத்தான் பேசுவார், ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார். "கோச்சு எழுதிக் குடுக்கறதைத்தானே அவன் ஆடணும்? மூணாவது முயற்சி, ரெண்டு கஜம் பாக்கி. அந்த ஸ்ட்ரூப் என்ன சொல்றாரு? நடுவுல மோது. போன வாரமும் நடுவுல மோது. அதுக்கு முந்தின வாரமும் நடுவுல மோது. எதிராளிக்குத் தெரியாதா? சாசேஜ் விக்கிறவனுக்கே தெரியுதேடா!"

"கோச்சு சொன்னா, இவனுக்குப் புத்தி எங்க போச்சு? மாத்தி ஆட வேண்டியதுதானே?"

"மாத்தி ஆடினா உக்கார வெச்சிடுவாரு."

"வெக்கட்டுமே, சனி விட்டுதுன்னு நாம நிம்மதியா இருக்கலாம்!"

இந்த வாதத்துக்கு வயது இரண்டு வருஷம். அதற்கு முன்னால் வேறொரு குவாட்டர்பேக், வேறொரு கோச், அதே வாதம். பெயரை மட்டும் மாற்றிப் போட்டுக்கொண்டால் போதும். பந்தை வாங்கி எறிகிறவன் சரியில்லையா, எப்படி எறிவது என்று சொல்லித் தருகிறவர் சரியில்லையா என்று இந்த ஊர் நாற்பது வருஷமாக மண்டையை உடைத்துக்கொள்கிறது. முடிவு என்னவோ ஒன்றுதான்: தோல்வி. நார்பெர்ட்டுக்குச் சலித்துப்போய்விட்டது. முழங்காலும் சலித்துவிட்டது, காதும் சலித்துவிட்டது. காப்பியைக் குடித்தார்.

"நீ சொல்லு மாமா" என்று டெல்மர் அவர் பக்கம் திரும்பினான். வழக்கமாகத் திரும்புகிற நேரம்தான். "நீதான் அவனுக்குப் பக்கத்துல நிக்கிறே. உனக்குத் தெரியாததா? தப்பு யார் மேல?"

நார்பெர்ட் இருபத்தாறு வருஷமாகச் சங்கிலிக்காரர். நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும் என்பது ஆட்டம். அந்தப் பத்து கஜத்தைக் காட்டுகிற சங்கிலியின் முன்கம்பு அவர் கையில். ஆட்டக்காரர்கள் மூச்சு விடுவது காதில் விழுகிற தூரத்தில், எல்லைக்கோட்டை ஒட்டி நிற்பார். முதல் பாதியில் எதிரணி நிற்கிற பக்கம், இரண்டாம் பாதியில் நம் பக்கம். ஊரே பொறாமைப்படுகிற இடம். ஆனால் அங்கே நிற்பவன் கைதட்டக் கூடாது, கத்தக் கூடாது, முகத்தைக்கூடச் சுளிக்கக் கூடாது. ஆட்டக்காரர்களோடு பேசக் கூடாது. அங்கே கேட்டதை வெளியே சொல்லவே கூடாது. சொன்னால் அன்றைக்கே சீருடைச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். இருபத்தாறு வருஷத்தில் நார்பெர்ட் ஒரு வார்த்தை சொன்னதில்லை, ரெனேட்டாவிடம்கூட.

போன ஆட்டத்திலிருந்து மட்டும் அவருக்குத் தூக்கம் சரியில்லை.

போன ஆட்டத்தின் முதல் பாதியில் மாரோவை இரண்டு பேர் தூக்கிப் போட்டார்கள். பின்மண்டை தரையில் மோதியது. எழுந்தான். டாக்டர் ஓடிவந்து ஏதோ கேட்டார், எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் சொன்னான், திரும்ப இறங்கினான். இரண்டாம் பாதியில், ஒரு தடவை எல்லைக்கோட்டுப் பக்கம் வந்து நின்று மூச்சு வாங்கினான். இருபத்தைந்து வயதுப் பையன். தலைக்கவசத்துக்குள் கண் இரண்டும் எங்கேயோ இருந்தது. நார்பெர்ட்டைப் பார்த்து மெதுவாகக் கேட்டான்: "சார், நாம எந்தப் பக்கம் போறோம்?"

நார்பெர்ட் முதலில் விளையாட்டுக்குக் கேட்கிறான் என்று நினைத்தார். அவன் காத்துக்கொண்டிருந்தான். அவர் தாடையால் வலது பக்கம் காட்டினார். "தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு அவன் ஓடினான். அவ்வளவுதான் நடந்தது.

ஆட்டம் முடிந்ததும் சங்கிலிக்காரர்களுக்குத் தலைவரான வெர்ன் ஹேட்சரிடம் சொன்னார். வெர்ன் நாலு பக்கமும் பார்த்தார். "நீ எதையும் கேக்கல, நார்ப். புரியுதா? டாக்டர் இருக்காரு, கோச்சு இருக்காரு, நாப்பது கேமரா இருக்கு. உன் வேலை கம்பு பிடிக்கிறது." அது நியாயம் போலத்தான் இருந்தது. ஆனால் ராத்திரி படுத்தால் அந்தப் பையனின் 'தேங்க்ஸ்' காதில் கேட்டது.

"என்ன மாமா, வாயில கொழுக்கட்டையா?" என்றான் டெல்மர். "போன ஆட்டத்துல மூணாவது கால்பகுதி. எல்லாரும் காத்துக்கிட்டு நிக்கிறாங்க, இவன் பாட்டுக்குப் பராக்குப் பாத்துக்கிட்டு நின்னான். அங்க என்னத்தை முழிச்சுக்கிட்டு நின்னான் அந்தக் கூமுட்டை? அதையாவது சொல்லேன்!"

"கூமுட்டைன்னு சொல்லாதடா" என்றார் நார்பெர்ட்.

"பின்ன என்னன்னு சொல்ல?"

"எந்தப் பக்கம் போறோம்னு என்கிட்ட கேட்டான்டா. அதுக்குத்தான் நின்னான்."

சொல்லி முடிப்பதற்குள்ளேயே சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்துவிட்டது. டெல்மர் இடுக்கியும் கையுமாக ஒரு கணம் நின்றான். பிறகு சிரித்தான் பாருங்கள், பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. "எந்தப் பக்கமா? ஐயோ சாமி! ரெண்டு வருஷமா இதே மைதானத்துல ஆடறான், எந்தப் பக்கம்னு சங்கிலிக்காரனைக் கேக்கறானா! நான் சொல்லல? நான் சொல்லல அண்ணே, மண்டையில ஒண்ணும் இல்லன்னு?"

"டேய், தலையில அடிபட்டுச்சுடா அவனுக்கு" என்றார் நார்பெர்ட்.

"டாக்டர் பாத்து விட்டாருல்ல? அப்ப அடி இல்ல மாமா, அறிவு இல்ல."

கிளியோஃபஸ் சிரிக்கவில்லை. ஆனால் அவரும் என்ன சொன்னார்? "பாத்தியா? தெரிஞ்சுதான் ஸ்ட்ரூப் அவனை இறக்கறாரு. மாத்து ஆளைத் தயார் பண்ணத் துப்பில்ல. நான் ஆரம்பத்துல இருந்து சொல்றேன், தப்பு கோச்சு மேலதான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "டாக்டர்கிட்ட நீ சொல்லியிருக்கலாமே தம்பி?" என்றார்.

"நான் கம்பு பிடிக்கிறவன், அண்ணே."

வெர்ன் சொன்னதை அப்படியே சொன்னார். சொல்லும்போது தனக்கே அசிங்கமாக இருந்தது. டெல்மரிடம் திரும்பி, "இது வெளிய போகக்கூடாது. என் வேலை போயிடும்" என்றார்.

"என்னை யாருன்னு நினைச்சே மாமா?" என்றான் டெல்மர்.

அன்றைய ஆட்டமும் தோல்விதான். மாரோ வெளிச்சம் படாமல் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டே திரிந்தான். நார்பெர்ட் அவனையே பார்த்தபடி நின்றார். இரண்டு தடவை கம்பை நகர்த்த மறந்து திட்டு வாங்கினார்.

மறுநாள் திங்கட்கிழமை சாயங்காலம், ரெனேட்டா முட்டைக்கோஸ் இலையில் கறியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அடுப்படி ரேடியோவில் ஹாமர்ஸ் நிகழ்ச்சி. ஆட்டம் முடிந்த மறுநாள் ஊர் முழுக்கப் போன் போட்டு ஒப்பாரி வைக்கிற நிகழ்ச்சி அது. டெல்மர் அதில் பழைய கை. 'பாயின்ட் பிளேஸ் டெல்மர்' என்று பேட்டைப் பேரோடு சொன்னாலே அறிவிப்பாளருக்குச் சிரிப்பு வரும்.

"ஒரு விஷயம் சொல்றேன், கேட்டுக்குங்க" என்று டெல்மரின் குரல் வந்தது. "நம்ம மாரோவுக்கு எந்தப் பக்கம் ஓடணும்னே தெரியாது. நான் சும்மா சொல்லல. கோட்டோரமா நிக்கிற ஒருத்தர்கிட்ட ஆட்டத்துக்கு நடுவுல கேட்டிருக்கான், 'எந்தப் பக்கம் போறோம்'னு. பேரு சொல்லமாட்டேன். சத்தியமான சேதி."

ரேடியோவில் சிரித்தார்கள். மணி அடிக்கிற சத்தம் ஒன்றைப் போட்டுப் போட்டுச் சிரித்தார்கள். ரெனேட்டா கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"நார்ப், இது நீதானே?"

அவர் ரேடியோவைத் திருகி நிறுத்தினார்.

"என் தம்பிகிட்டப் போய்ச் சொன்னியா? அவன்கிட்டச் சொல்றதும் ஊருக்குத் தண்டோரா போடறதும் ஒண்ணுன்னு முப்பத்தேழு வருஷமா உனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றார். "அசந்துட்டேன். பையனுக்குத் தலையில அடிபட்டிருக்கு, அதனாலதான் கேட்டான்னும் சொன்னேன்."

"தலையில அடிபட்டதைச் சொல்லவே இல்லையே அந்த நாய்!"

நார்பெர்ட்டையும் அதுதான் உறுத்தியது. அடியை விட்டுவிட்டு, கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். உடனே டெல்மருக்குப் போன் போட்டார். "பேரு சொல்லலையே மாமா!" என்று அவன் பெருமையாகச் சொன்னான். அடியைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அதைச் சொன்னா பரிதாபப்படுவாங்க, அப்புறம் எப்படி அவனை மாத்துவாங்க?" என்றான். நார்பெர்ட்டுக்கு வைது தீர்க்கக்கூடத் தெம்பில்லை. போனை வைத்துவிட்டார்.

அடுத்த போன் வெர்னுடையது. "பேரு சொல்லலேன்னாலும் டெல்மர் யாரோட மச்சினன்னு எனக்குத் தெரியும். மேலிடத்துல கேட்டாங்க, தெரியாதுன்னு சொல்லிட்டேன். ஒரு தடவைதான், நார்ப். இனி அந்தப் பையன் பக்கம் நீ திரும்பினாக்கூட உன்னைக் காப்பாத்த என்னால முடியாது."

"அவனை டாக்டர் பாக்கணும், வெர்ன்."

"பாத்தாச்சு. நல்லா இருக்கானாம். அவனே சொல்றான்."

அந்த வாரம் முழுக்க டொலீடோவில் அந்த ஒரு கேள்விதான். மருந்துக்கடையில், பாரில், சர்ச் வாசலில். ஒருத்தன் வழி கேட்டால் 'நீ என்ன மாரோவா?' என்றார்கள். புதன்கிழமைக்குள் யாரோ ஒருத்தன் அட்டை அடிக்க ஆரம்பித்துவிட்டான். வெள்ளை அட்டை, அதில் ஒரு பெரிய சிவப்பு அம்புக்குறி. ஒரு எழுத்துக்கூடத் தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நார்பெர்ட் விளக்குக் கம்பத்தடிக்குப் போகவில்லை. நேரே உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டார். முழங்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டார். வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தபோது, அட, ஆயிரக்கணக்கில் அம்பு! ஹாமர்ஸ் பந்து கிடைத்து இறங்குகிறபோதெல்லாம் மொத்தக் கூட்டமும் அட்டையைத் தூக்கி, எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் காட்டியது. 'இந்தப் பக்கம்! இந்தப் பக்கம்!' என்று ஒரே குரலில் கத்தல். தோற்கிற ஆத்திரத்தை எங்கேயாவது கொட்ட வேண்டாமா? சிரித்துக்கொண்டே கொட்டினார்கள். குழந்தைகள் கையில்கூட அட்டை.

எதிரணிக்காரர்களும் சிரித்தார்கள். மாரோ சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. அவன் முகத்தில் கோபம் வந்திருந்தால் நார்பெர்ட்டுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இரண்டாம் பாதியில் சங்கிலி ஹாமர்ஸ் பக்கம் வந்தது. நாலாவது கால்பகுதி, ஏழு நிமிஷம் பாக்கி. நாலே புள்ளிதான் பின்னால். வருஷத்தில் முதல் தடவையாக, ஜெயித்துவிடுவார்களோ என்று ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. மாரோ எறிய ஆளைத் தேடினான், கிடைக்கவில்லை, பந்தை இடுக்கிக்கொண்டு தானே ஓரமாக ஓடிவந்தான். இரண்டு பேர் வந்து மோதினார்கள். கோட்டைத் தாண்டி, நார்பெர்ட்டின் காலடியில் விழுந்தான். தலை மறுபடியும் தரையில் பட்டது. அந்தச் சத்தம் நார்பெர்ட்டுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்; கூட்டம் அப்படிக் கத்தியது. சங்கிலி காட்டுகிற இடத்தை எட்ட இன்னும் ஒரே ஒரு கஜம் போதும்.

மாரோ உடனே எழுந்தான். எழுந்திருக்க நார்பெர்ட்டின் கம்பைப் பிடித்துக்கொண்டான். பிடித்தவன் விடவில்லை. நிமிர்ந்து மேலே பார்த்தான். அடுக்கடுக்காக அம்புகள், எல்லாம் ஒரே பக்கம் திரும்பி ஆடின.

அவன் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா சார்" என்றான். "எல்லாரும் எனக்கு வழி காட்டறாங்க. நல்ல ஜனங்க."

கேலி இல்லை, குத்தல் இல்லை. நிஜமாகவே சொன்னான்.

நார்பெர்ட் டாக்டரைத் தேடினார். டாக்டர் பன்னிரண்டு அடி தள்ளி, குனிந்து வேறொருத்தனின் கணுக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோச் ஸ்ட்ரூப் காகிதத்தால் வாயை மறைத்துக்கொண்டு மைக்கில் அடுத்த நகர்வைச் சொல்லிக்கொண்டிருந்தார். வெர்ன் எதிரில் நின்று இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாரோ கம்பை விட்டுவிட்டு உள்ளே திரும்பினான். இன்னும் நாலு அடி வைத்தால் கோட்டுக்குள் போய்விடுவான். அப்புறம் யாராலும் தொட முடியாது.

நார்பெர்ட் கையைத் திறந்தார். கம்பு விழுந்தது, சங்கிலி சலசலவென்று அதோடு போனது. இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவை அது கீழே விழுந்ததில்லை. எட்டிப் பையனின் சட்டைக் கையைப் பிடித்தார்.

"நில்லுப்பா. போகாதே."

"ஆடணும் சார்."

"போதும்பா. ஆடினது போதும்."

விசில் ஊதினார்கள். கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. சங்கிலிக்காரன் குவாட்டர்பேக்கைப் பிடித்து இழுக்கிறான் என்பது மட்டும் தெரிந்தது. எழுபதாயிரம் தொண்டை சேர்ந்து ஊளையிட்டது. வெர்ன் ஓடிவந்தார். "விடுடா, பைத்தியமா உனக்கு?" ஸ்ட்ரூப்பும் வந்தார். கிட்டத்தில் பார்த்தால் அவர் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், பாவம், அவரும் தூங்கி ரொம்ப நாளானவர்போல இருந்தார். "யாருய்யா நீ?" என்று கத்தினார்.

"டாக்டரைக் கூப்பிடுங்க" என்றார் நார்பெர்ட். "அப்புறம் என்ன வேணா பண்ணிக்குங்க."

டாக்டர் வந்தார். தேதி கேட்டார். மாரோ சொன்னான். போன வாரம் யாரோடு ஆடினாய் என்றார். சொன்னான். எத்தனை புள்ளி என்றார். அதையும் சொன்னான், பாடம் ஒப்பிக்கிற மாதிரி. டாக்டர் நார்பெர்ட்டைத் திரும்பிப் பார்த்தார், ஸ்ட்ரூப் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அதெல்லாம் அவன் மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கான்" என்றார் நார்பெர்ட். "அந்த அட்டையெல்லாம் எதுக்குன்னு கேளுங்க."

டாக்டர் தயங்கினார். பிறகு கேட்டார்.

"எனக்காகத்தான்" என்றான் மாரோ. "எனக்கு அப்பப்போ பக்கம் மறந்துபோகுது. அது எப்படியோ இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. வழி காட்டறாங்க."

டாக்டர் இரண்டு கையாலும் மெல்ல அவன் தலைக்கவசத்தைக் கழற்றினார். ஸ்ட்ரூப் கையிலிருந்த காகிதத்தை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார். "ஒண்ணும் இல்லேன்னு சொன்னானே" என்றார். "தினமும் கேட்டேன். ஒண்ணும் இல்லேன்னுதான் சொன்னான்." யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை.

மாரோவை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். போகும்போது அவன் கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தான். கூட்டம் இன்னும் பலமாக ஊளையிட்டது.

வெர்ன் கையை நீட்டினார். நார்பெர்ட் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். "மன்னிச்சுக்கோ நார்ப்" என்றார் வெர்ன். "பரவாயில்ல" என்றார் நார்பெர்ட். சுரங்க வழியில் நடக்கும்போது மேலேயிருந்து ஒரு பீர்க் கோப்பை வந்து தோளில் விழுந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது.

மாற்று ஆள் இறங்கி, இரண்டாவது எறிதலிலேயே பந்தை எதிராளி கையில் கொடுத்துவிட்டான். பத்து புள்ளி வித்தியாசத்தில் தோல்வி.

நார்பெர்ட் வண்டிகள் நிறுத்துமிடத்தில், டெல்மரின் பிக்கப் பின்கதவில் உட்கார்ந்திருந்தார். குளிரில் கை விரைத்துப்போயிருந்தது. கூட்டம் கலைந்து வர ஆரம்பித்தது. சிலர் அவரை அடையாளம் கண்டு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருத்தன் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "எதிராளி உனக்கு எவ்வளவு குடுத்தான்?" என்று கேட்டான். பக்கத்து வண்டி ரேடியோவில் அதற்குள் போன் போட ஆரம்பித்துவிட்டார்கள். தப்பு மாரோ மேலும் இல்லை, ஸ்ட்ரூப் மேலும் இல்லை, சங்கிலிக்காரன் மேல்தான் என்று ஒருத்தன் ஆணித்தரமாகப் பேசிக்கொண்டிருந்தான்.

டெல்மரும் கிளியோஃபஸும் வந்தார்கள். டெல்மரின் கையில் அட்டை. மூக்கும் கன்னமும் சிவந்திருந்தது, குளிராலா ஆத்திரத்தாலா என்று சொல்ல முடியாது.

"என்ன மாமா இப்படிப் பண்ணிட்டே?" என்று ஆரம்பித்தான். "ஒரு கஜம்! ஒரே ஒரு கஜம்! வருஷம் பூரா தோத்து, இன்னிக்கு ஒரு நாள் ஜெயிக்கிற மாதிரி இருந்துது. கையில இருந்ததைப் பிடுங்கிப் போட்டுட்டியே! உனக்கு என்னதான் ஆச்சு?"

"கத்தாதடா" என்றார் கிளியோஃபஸ். அவர் நார்பெர்ட்டின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். "எப்படி இருக்கான் பையன்?"

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க அண்ணே. ஆம்புலன்ஸ் இந்த வழியாத்தான் போச்சு."

கிளியோஃபஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கோச்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

டெல்மரால் நிற்க முடியவில்லை. இந்தப் பக்கம் நாலு அடி, அந்தப் பக்கம் நாலு அடி நடந்தான். "சரி, அடிதான் பட்டுச்சு. அப்புறம் உன் கம்பைப் பிடிச்சுக்கிட்டு மேல பாத்து என்னமோ சொன்னானே. நான் அங்கேதான் இருந்தேன், முப்பதாவது வரிசையில. எங்களைப் பாத்துச் சொன்னான். திட்டினானா? என்ன சொன்னான்?"

நார்பெர்ட் அவனை ஏறிட்டுப் பார்த்தார். இருபத்தாறு வருஷம் இந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லாமலே ஓட்டியிருக்கிறார். வீட்டுக்குப் போய் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டுப் படுத்தால் தேவலை என்றிருந்தது. சொல்லாமல் விட்டால் இவன் நாளைக்கு ரேடியோவில் வேறு எதையாவது சொல்வான். அதைவிட, இவனுக்குத் தெரியத்தான் வேண்டும்.

"நல்ல ஜனங்கன்னு சொன்னான்."

"யாரை?"

"உங்களைத்தான் மச்சான். அவனுக்கு வழி மறந்துபோச்சுன்னு தெரிஞ்சு, எல்லாரும் அட்டை அடிச்சு எடுத்துக்கிட்டு வந்து வழி காட்டறீங்கன்னு நினைச்சுக்கிட்டான்."

டெல்மர் கிளியோஃபஸ் பக்கம் திரும்பினான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வண்டி ரேடியோவில் யாரோ சிரித்தார்கள். அட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல், டெல்மர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.